துரு உதிர்ந்த இடங்கள்

அந்த அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறையப் பஞ்சு இருந்தது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பல் மருத்துவமனை அது. என் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டிருந்தது. எக்ஸ்ரே பார்க்க டாக்டர் அடுத்த அறைக்குப் போயிருந்தார். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு உதவியாளர் மட்டும் பக்கத்தில் நின்றார். ஐம்பத்தெட்டு, அறுபது வயதிருக்கும். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. குனிந்து என் வாய்க்குள் பார்த்தபடியே கேட்டார்.

"யார் மேலங்க கோவம்?"

நான் விழித்தேன்.

"பல்லெல்லாம் தட்டையாத் தேஞ்சிருக்கு. தூக்கத்துல கடிக்கிறீங்க. ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்ல இது, ரெண்டு வருஷமாவது இருக்கும். காரணம் இல்லாம தேயாதுலா."

வியந்துபோனேன் என்று எழுதினால் பொய். எரிச்சல்தான் வந்தது. என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து அப்போது இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அதை என் வாயைப் பார்த்து ஒருவர் கணக்கிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சிகிச்சை முடிந்து, தூக்கத்தில் பல்லுக்கு மாட்டிக்கொள்ளும் உறைக்கு அளவு கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். கணவர் ஃபோனில் அழைத்தார். விற்பனைக்குப் போட்டிருந்த அவருடைய கிட்டாரை வாங்கிக்கொள்கிறேன் என்று இணையத்தில் எழுதியிருந்த ஆள் எப்போது வருவார் என்று கேட்டார். மரத்துப்போன உதட்டால், "இன்னும் தேதி சொல்லலங்க. வாங்கறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணிக் குடுக்கச் சொல்றாங்க" என்று உளறினேன். ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அந்த அக்கா. முகக்கவசத்தை இறக்கியிருந்தார்.

"என்ன கிட்டார்? மரமா, எலக்ட்ரிக்கா?"

"மரம்தான்."

"எத்தனை வருஷம்? எங்க வச்சிருக்கீங்க, ஜன்னல் ஓரமாவா, ஏர்கான் ரூம்லயா? பையிலயா, பெட்டியிலயா? கம்பியத் தளர்த்தி வச்சீங்களா?"

பையில், கட்டிலடியில் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவர் ஒரு துண்டுச்சீட்டில் மார்சிலிங்கில் இருக்கும் தன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தார். "ஞாயித்துக்கிழம கொண்டு வாங்க. விக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ உள்ள பாக்கணும்."

தன்னிடம் கொண்டு வந்தால் சரிசெய்து தருவேன் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார். போகப் போகத்தான் தெரிந்தது, அவருடைய ஆசை முழுக்க அதில்தான் இருந்தது.

எதையும் திருப்பிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. சாப்பாட்டுக் கடையில் தட்டு காலியானதும் தூக்கி அடிப்பக்கம் எங்கே செய்தது என்று பார்ப்பார். நடக்கும்போது என் செருப்பைப் பார்த்து, "வலது தோள்லதான் பை மாட்டுவீங்க" என்பார். தேக்கா சந்தையில் ஒருமுறை மீன்காரரிடம் அரைமணி நேரம் நின்று, மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை எடுத்துக் காட்டச் சொல்லி, அதைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு வந்தார். மீன் வாங்கவில்லை. மீன்காரர் திட்டவும் இல்லை. அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு இன்னொரு மீனின் கல்லைக் கொடுத்தாராம்.

கிட்டார் பழுதுபார்க்கும் வேலைக்கு அவர் வந்ததும் அப்படித்தான். மருத்துவமனையில் முன்பு இருந்த ஒரு சீன டாக்டர் மதிய இடைவேளையில் கிட்டார் வாசிப்பவர். ஒருநாள் அவருடைய கிட்டாரில் ஏதோ அதிர்ந்து கரகரத்தது. எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியவில்லை. இந்த அக்கா, பல்லின் பின்பக்கத்தைப் பார்க்க உதவும் நீளக் கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடியை எடுத்து, நடுவிலிருக்கும் ஓட்டைக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே முகப்புப் பலகையைத் தாங்கும் மரச்சட்டம் ஒன்று பசை விட்டுப் போயிருந்தது. "வேடிக்க பாக்கத்தான் போனேன். வேலையாயிருச்சு" என்பார்.

மார்சிலிங்கில் அவர் வீட்டுக்கு நான் போன ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. நாங்கள் இருக்கும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரே சிவப்பு வழித்தட ரயில்தான், மாற வேண்டியதில்லை. ஆனால் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ரயிலில் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. என்னைப் போன்ற ஐம்பத்து நான்கு வயதுப் பாலர் பள்ளி ஆசிரியை கிட்டார் பையோடு நின்றால் எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள்.

அவர் வீட்டின் கூடத்தில் ஆறேழு கிட்டார்கள் சுவரில் தொங்கின. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மூலையில் முனகிக்கொண்டிருந்தது. அதில் சேர்ந்த தண்ணீரை எடுத்து வாசலில் இருந்த ரம்பை இலைச் செடிக்கு ஊற்றினார். "நம்ம ஊர் காத்துல இவ்வளவு தண்ணி இருக்கு. இது பூரா மரத்துக்குள்ள போயிருக்க வேண்டியது. மரம் குடிச்சா வயிறு உப்பும். வயிறு உப்புனா கம்பி மேல ஏறிக்கும், அமுக்க முடியாது. அப்புறம் கை சரியில்லன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க."

மேசையில் பழைய துண்டை விரித்து, பையின் ஜிப்பைத் திறந்தார். கிட்டாரை வெளியே எடுக்கும் முன் பைக்குள் முகத்தை விட்டு முகர்ந்தார். எடுத்துப் படுக்க வைத்தார். கம்பிகள்மேல் டார்ச்சை மெதுவாக ஓட்டினார். ஓட்டைக்குள் கண்ணாடியை விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"இத யாரு வாசிக்கிறாங்க?"

"யாரும் இல்லக்கா. அவருக்கு ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து பையிலதான் இருக்கு. இடது கை வராது."

அக்கா டார்ச்சையும் கண்ணாடியையும் என் கையில் கொடுத்தார்.

"நீங்க பாருங்க."

"என்னத்தப் பாக்கணும்?"

"தெரியறதப் பாருங்க. அவசரம் இல்ல."

ஆறு கம்பிகளும் துருவேறிக் கறுத்துக் கிடந்தன. கழுத்தின் நுனியில், முதல் கட்டத்தில், இரண்டு கம்பிகளில் மட்டும் நகத்தளவு இடம் வெள்ளிபோல மினுங்கியது. ஓட்டைக்கு மேலே, வலது கை மீட்டும் இடத்திலும் கொஞ்சம் துரு உதிர்ந்திருந்தது. கண்ணாடியை உள்ளே விட்டேன். சரியாகச் சாய்க்காததால் முதலில் என் கண்ணே தெரிந்தது. பிறகு அடிப்பலகை தெரிந்தது. கம்பளி விரித்ததுபோலத் தூசு. அந்தத் தூசின் மேல் கம்பியை மீட்டும் பிக் மூன்று கிடந்தன. ஒன்று சிவப்பு, இரண்டு வெள்ளை.

"பிக் மேல தூசு இருக்கா?" என்றார்.

"இல்ல."

"கீழ?"

"இருக்கு."

அவர் கிட்டாரை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்துக் குலுக்கினார். மூன்று பிக்கும் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"உள்ள விழுந்தா இப்படித்தான் எடுக்கணும்" என்றார். "ரெண்டு கை வேணும்."

நான் குனிந்து அவற்றைப் பொறுக்கினேன். காலை ஏழு மணிக்கு நான் பள்ளிக்குப் போனால் திரும்ப ஆறாகும். அந்த நேரத்தில் என் கணவர் டிவி பார்க்கிறார், தூங்குகிறார், பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யாமல் ஏமாற்றுகிறார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஏமாற்றுகிறார் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவரோ ஒற்றைக் கையால் கட்டிலடியிலிருந்து இந்தப் பையை இழுத்து, ஜிப்பைத் திறந்து, வராத கையின் ஒரே விரலால் இரண்டு கம்பியை அமுக்கிப் பார்த்து, பிக் உள்ளே விழுந்ததும் எடுக்க முடியாமல், மூடி, நான் வருவதற்குள் பழையபடி கட்டிலடியில் தள்ளியிருக்கிறார். ஒருமுறை இல்லை, குறைந்தது மூன்று முறை.

அக்கா தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். குடித்து முடித்த பிறகு கேட்டேன்.

"பாத்தவுடனே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. ஏன்க்கா நேராச் சொல்லல?"

"சொல்றத விட்டுட்டேன்" என்றார். அப்போதுதான் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தகப்பனார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகளின் கிட்டாரைச் சுத்தம் செய்யக் கொண்டு வருவாராம். பதினேழு வயதுப் பெண், சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போகிறாள் என்றாராம். ஒருமுறை அக்கா கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளைப் பார்த்துவிட்டு, யோசிக்காமல், "என்னங்க, போன தடவ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. பொண்ணு வாசிக்கிறதே இல்லையே" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். தகப்பனார் தோண்டித் துருவி விசாரித்திருக்கிறார். சனிக்கிழமைகளில் மகள் வகுப்புக்குப் போகவில்லை, தகப்பனை விட்டுப் பிரிந்து வாழும் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

"அப்புறம் அந்தப் பொண்ணு இங்க வந்துச்சு, தனியா. இதோ இந்தக் கதவுகிட்டதான் நின்னுச்சு. உள்ள வரல. 'ஆன்ட்டி, இத அப்பாகிட்ட சொல்லி உங்களுக்கு என்ன ஆகணும்?'னு கேட்டுச்சு. சத்தம் போடல. நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? எனக்கு ஒண்ணும் ஆகணும்னு இல்ல. தெரிஞ்சிச்சு, சொல்லிட்டேன்." தேநீர்க் கோப்பையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்து வைத்தார். "அதுலேர்ந்து கண்ணாடிய அவங்க கையில குடுத்துருவேன். பாத்தா பாக்கட்டும். பாக்க வேண்டாம்னு நெனச்சாலும் சரி."

என்னிடம் மட்டும் முதல் நாளே யார் மேல் கோபம் என்று கேட்டாரே என்று நான் சொன்னேன். "பல்லு வேற லா" என்றார். "பல்லு உங்களோடது. உங்ககிட்டதானே சொன்னேன்."

கிட்டாரை அவரிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று பிக்கையும் சாப்பாட்டு மேசையில், என் கணவரின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். என்ன சொல்வது என்று ரயிலில் நிறைய யோசித்திருந்தேன். கோப்பையில் தேநீர் மட்டும் ஊற்றினேன். அவர் நடந்து வந்து உட்கார்ந்தார், பார்த்தார். சிவப்பை வலது கையால் எடுத்துத் திருப்பினார்.

"செவப்பு எனக்குப் பிடிச்சது" என்றார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஒரு வருஷம் இருக்கும். ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் அமுக்குது. மத்தது எதுவும் கேக்கல."

"அப்புறம் ஏன் விக்கச் சொன்னீங்க?"

அவர் பிக்கைக் கீழே வைத்தார். "வித்துட்டா முயற்சி பண்ண வேண்டியதில்லல்ல."

இருபத்தெட்டு வருடம் அவர் மின்தூக்கிகளைப் பழுதுபார்த்தவர். வாரக் கடைசியில் சமூக மன்ற இசைக்குழுவில் கிட்டார். எங்கள் வட்டாரத்தில் பாதிக் கல்யாண வரவேற்புகளில் அவர் வாசித்திருக்கிறார். அவர் வேலையை விட்டபோதுகூட நான் அவ்வளவு கலங்கவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் என்னை உலுக்கியது. என்றாலும் அன்று நான் அழவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி மாவு பிசைந்தேன், தேவைக்கு மேலேயே பிசைந்தேன்.

அடுத்த வாரம் பல்லுறை வாங்கப் போனபோது அக்கா மெல்லக் கேட்டார்: "அண்ணனோட கைய ஒரு தடவ பாக்கலாமா?"

என் கணவரின் அந்தக் கையை யாரும் பார்ப்பதில்லை. உறவினர்கள் வந்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், தொலைக்காட்சியைப் பார்த்துப் பேசுவார்கள். கை மடியில் கிடக்கும். அதைத் தினமும் கழுவித் துடைத்து எண்ணெய் தேய்க்கிற நானே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் தேய்ப்பேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "யாரு அவங்க, என் கிட்டாருக்குள்ள எட்டிப் பாத்தது பத்தாதா?" என்றார் அவரும். ஆனால் பத்து நாள் கழித்து, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவங்கள வரச்சொல்லு" என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா வந்தார். புதுக் கம்பி போட்டுத் துடைத்த கிட்டாரைச் சோபாவில் சாய்த்துவிட்டு, குசலம் எதுவும் விசாரிக்காமல் ஒரு நாற்காலியை இழுத்து என் கணவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எந்த விரல் கேக்கல அண்ணே? சுண்டு விரலா, எல்லாமா?"

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். பகோடா சுடுகிற சாக்கு. அவர் கோபித்து எழுந்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் எழவில்லை.

"ஆள்காட்டி கொஞ்சம் கேக்கும். மத்தது மூணும் ஒண்ணா மடங்கிக்கும்."

"மரத்துப்போச்சா, இல்ல வலியா?"

"ரெண்டும் இல்ல. ஈரக் கையுறை போட்ட மாதிரி இருக்கும். எப்பவும்."

"கழட்டணும் போலத் தோணுமா?"

"தோணும். ஒருநாள் கத்தி எடுத்துப் பாத்தேன். வெட்ட இல்ல, சும்மா. உள்ள நெசமாவே என் தோல் இருக்கான்னு பாக்கலாம்போல இருந்துச்சு."

எண்ணெய் புகைந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். இரண்டரை வருடத்தில் எந்த டாக்டரிடமும் சொல்லாதது, என்னிடமும் சொல்லாதது. யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை. அக்காவின் குரலில் அதிர்ச்சியும் இல்லை, பரிதாபமும் இல்லை. மீன்காரரிடம் கேட்டதுபோலத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது. அதை இப்போது எழுத வெட்கப்படவில்லை.

பிறகு தோளைத் தூக்கச் சொன்னார், முழங்கையை ஆட்டச் சொன்னார். அவை இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்.

"கிட்டாரத் திருப்பிப் பிடிச்சா என்ன அண்ணே? வலது கை விரலால அமுக்குங்க. இடது கை மேலயும் கீழயும் ஆடுனாப் போதும். கம்பிய மாத்திக் கட்டி, மேலயும் கீழயும் கம்பி உக்கார்ற எலும்புத் துண்டுகள மாத்திச் செதுக்கித் தரேன்."

என் கணவரின் குரல் மாறியது. "நாப்பது வருஷம் இப்படித்தான் பிடிச்சிருக்கேன். திருப்பிப் பிடிச்சா ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஆரம்பிக்கணும். அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது" என்றார் அக்கா. "நான் வாசிச்சதே இல்ல."

"அப்புறம் பேசாதீங்க."

நான் பகோடாத் தட்டோடு வெளியே வந்தேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "சரி அண்ணே" என்று தலையாட்டிவிட்டு, பகோடாத் தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்: "லிஃப்ட் கதவு மூடறப்ப குறுக்க கை வச்சாத் தொறந்துக்குதே, அதுக்கு எப்படித் தெரியுது?"

என் கணவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு கதவோரத்தில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அது முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் காகிதத்தில் படம்கூடப் போட்டார். அக்கா அந்தப் படத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் அந்தக் கிட்டார் சோபாவிலேயே கிடந்தது. வாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தவருக்கு, விற்கவில்லை என்று எழுதிவிட்டேன். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது என் கணவர் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். கிட்டாரை மறுபக்கமாகத் திருப்பி வார் மாட்டியிருந்தார். கம்பிகள் தலைகீழாக இருந்தன, எதையும் வாசிக்க முடியாது. என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை.

"மாத்தச் சொல்லிரு" என்றார். "நல்லாத்தான் இருக்காது. பரவால்ல."

மாற்றி முடிக்க அக்காவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. புது எலும்புத் துண்டுகளைத் தானே அராவிச் செதுக்கினார். என் கணவரின் இடது கைக்கு பிக் பிடிக்க வராது என்பதால், கட்டைவிரலில் மோதிரம்போல மாட்டும் பிக் ஒன்றை வாங்கிக் கொதிநீரில் போட்டு இளக்கி, அவர் விரலிலேயே அழுத்தி அளவெடுத்தார். என் பல்லுறைக்கு அளவெடுத்தது போலவே. என்னிடம் ஒரு காகிதம் கொடுத்தார். வாசித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைக்க வேண்டும். வாசிக்கும் முன் கை கழுவ வேண்டும். ஆறு வாரத்துக்கொருமுறை கம்பி மாற்ற வேண்டும். வெளிச்சுவரில் சாய்க்கக் கூடாது. கீற்றுகளுக்கு நடுவே பல் தேய்க்கும் மிருதுவான பிரஷ்ஷால் துடைக்க வேண்டும், பேஸ்ட் வேண்டாம். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். துடைப்பதை நான் செய்வேன் என்றேன். "வேண்டாம், அவரே துடைக்கட்டும்" என்றார் அக்கா. "இடது கைக்கும் வேலை வேணும்லா."

மேடை ஏறும் அளவுக்கு என் கணவர் திரும்பவில்லை, இனி திரும்பப் போவதும் இல்லை. கம்பிகளைச் சேர்த்து அமுக்கி மீட்டும் கார்ட் நான்கு வாசிப்பார். மாறும்போது நின்று நின்றுதான் மாறுவார். எங்கள் மகன் பார்க்க வந்தால் வாசிக்க மாட்டார். ஆனால் நான் ஆறு மணிக்கு மின்தூக்கியிலிருந்து இறங்கும்போதே தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் கேட்கும். கதவைத் திறந்தாலும் அது நிற்காது. இதற்கிடையில் என் பல்லுறை ஒரு வருடம் கழித்தும் மாற்ற வேண்டிய அளவுக்குத் தேயவில்லை என்று அக்காவே சொன்னார். உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறகு அந்த மருத்துவமனையின் டாக்டர் ஓய்வு பெற்று அதை மூடிவிட்டார். அக்காவும் வேலையை விட்டு, எல்லைக்கு அப்பால் ஜொகூரில் இருக்கும் தம் தமக்கையோடு போய்ச் சேர்ந்தார். சுவரில் தொங்கிய கிட்டார்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, யாரும் திரும்பக் கேட்காத ஒன்றை மட்டும் எடுத்துப் போனதாகச் சொன்னார். பாலத்தைக் கடந்து நாங்கள் போகவில்லை. இதோ போகலாம், அதோ போகலாம் என்றே நாள் ஓடியது. இன்றுவரை நேரில் பார்க்கவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு காலையில் அவரே அழைத்தார். கிட்டார் எப்படி இருக்கிறது, மழைக்காலத்தில் பலகை உப்பியதா என்று கேட்டார். என் கணவர் ஃபோனை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார். கம்பி மாற்றியது, துடைத்தது எல்லாம் ஒப்பித்தார். பிறகு எதிர்பாராமல் கேட்டார்.

"நீங்க ஏன்க்கா வாசிக்கவே இல்ல?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன்.

"யாரும் கேட்டதில்ல அண்ணே" என்றார் அக்கா. "மத்தவங்க கை பட்டதெல்லாம் பாத்துட்டே இருந்தேனா, என் கைய வச்சா எப்படி இருக்கும்னு தோணவே இல்ல. அந்தக் கிட்டாரு இங்க சும்மாத்தான் மாட்டியிருக்கு."

"எடுங்க அத."

"இப்பவா?"

"இப்பத்தான்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, ஏதோ உரசியது. என் கணவரும் தன் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது கம்பி, இரண்டாவது கட்டம், நடுவிரலும் மோதிர விரலும் என்றார். சொல்லும்போதே குழம்பினார். அவர் இப்போது வலது கையால் அமுக்குபவர், அக்கா இடது கையால் அமுக்க வேண்டும். தன் இடது கை விரல்களைக் காற்றில் பிரித்து வைக்க முயன்று, அவை மடங்கிக்கொள்ள, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, பார்த்துப் பார்த்துச் சொன்னார். அந்தக் கையை அவ்வளவு நேரம் அவர் பார்த்து நான் கண்டதில்லை.

ஜொகூரிலிருந்து முதல் தடவை வந்தது வெறும் டப்டப் சத்தம். அக்கா அதைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டார். என் கணவர் மூன்றுக்கும் பதில் சொன்னார்.

"நுனி விரலால அமுக்குங்க. வலிக்கும்."

"எந்த எடத்துல வலிக்கும்?"

"அமுக்குங்கக்கா, சொல்றேன்."

இரண்டாவது தடவை நான்கு கம்பி சரியாக ஒலித்தது, இரண்டு இரைந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. ஐந்தாவதோ ஆறாவதோ, ஆறு கம்பிகளும் ஒன்றாக, தெளிவாக, எங்கள் மேசையில் இருந்த சிறிய ஃபோனிலிருந்து எழுந்தன. அக்கா சத்தம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி வாசித்தார்.